செயற்கைக்கோள் இணையமும் ‘அன்லிமிடெட்’ என்ற நம்பிக்கையும்

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டால் கேபிளும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், எத்தனை மணி நேரமானாலும் படம் பார்க்கலாம் என்ற நம்பிக்கை, 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் ஸ்டார்லிங்க் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸுடன் உடன்பாடு செய்துகொண்டதிலிருந்து நகரவாசிகளிடையே வேகமாகப் பரவியிருக்கிறது. இது அடிப்படையிலேயே தவறான நம்பிக்கை. இதை நம்பிப் பணம் கட்டுகிறவர் தாம் ஏமாறுவதோடு, வேறு வழியில்லாமல் அந்தச் சேவையையே நாடி நிற்பவரின் பங்கையும் குறைத்துவிடுகிறார்.

நம்பிக்கையின் வேர் டிடிஎச் டிஷ்ஷில் இருக்கிறது. தில்லியின் அரசு ஊழியர் குடியிருப்பான கிட்வாய் நகரில், பால்கனிக் கம்பியில் தெற்கு நோக்கிச் சாய்த்து முடுக்கிய டிஷ்ஷிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் சன்னல் ஓரத்துத் துளை வழியே உள்ளே நுழைந்து, ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்துக்கு நாள் முழுவதும் தமிழ்ச் சேனல்களைத் தருகிறது. பெருமழை பெய்யும் சில நிமிடங்களைத் தவிர அது நின்றதில்லை, இத்தனை ஜிபி தீர்ந்தது என்று யாரும் சொன்னதுமில்லை. வானிலிருந்து படம் இப்படி வரும்போது இணையமும் இப்படியே வரும் என்று கருதுவது இயல்புதான். ஆனால் டிடிஎச் என்பது ஒளிபரப்பு: ஒரே அலையைப் பத்துப் பேர் பிடித்தாலும் பத்து லட்சம் பேர் பிடித்தாலும் செயற்கைக்கோளுக்குச் சுமை ஒன்றே. இணையவழிக் காணொளியோ பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பப்படுவது. கோயில் ஒலிபெருக்கியில் வைக்கும் பாட்டைத் தெரு முழுவதும் கேட்கலாம்; வீட்டுக்கு வீடு வேறு பாட்டு வேண்டுமென்றால் அந்த ஒலிபெருக்கி என்ன செய்யும்?

கணக்கைப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. எம்பிபிஎஸ் என்பது வினாடிக்குப் பத்து லட்சம் பிட். முழு எச்டி (1080p) தரத்தில் தடங்கலின்றிப் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். இஸ்ரோவின் ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் ஏவப்பட்டபோது அதன் மொத்தக் கொள்ளளவு 48 ஜிபிபிஎஸ், அதாவது 48,000 எம்பிபிஎஸ் என்று அறிவிக்கப்பட்டது. அதை ஐந்தால் வகுத்தால் நாடு முழுவதிலும் ஒரே நேரத்தில் 9,600 பேர் மட்டுமே முழு எச்டியில் படம் பார்க்க முடியும். ஸ்டார்லிங்க்கின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் இந்தியாவுக்குத் தரக்கூடியது ஏறத்தாழ 600 ஜிபிபிஎஸ் என்று 2025 ஜூலையில் செய்தி வெளியானது. அதே மாதத்தில் தகவல் தொடர்புத் துறை இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர், அந்நிறுவனத்தால் இந்தியாவில் 20 லட்சம் வாடிக்கையாளர்களையே ஏற்க முடியும் என்றார். அந்த 20 லட்சம் பேரும் ஒரே வேளையில் இணைந்தால் ஆளுக்குக் கிடைப்பது 0.3 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே வேளையில் பார்ப்பதில்லை என்பது சரியே. ஆனால் இரவு எட்டு மணிக்கும் கிரிக்கெட் இறுதியாட்டத்தின்போதும் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடிப் பேர்.

பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகைக் கோள்களுக்குத்தான் இந்தக் குறை, சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் புதியவற்றுக்கு இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதை குறைப்பது தாமதத்தை. அது வீடியோ அழைப்புக்கு முக்கியம், முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடும் திரைப்படத்துக்கு அவ்வளவு முக்கியமன்று. கோள்கள் பெருகினால் கொள்ளளவு கூடும் என்றாலும், ஒரு வட்டாரத்தின் மீது விழும் அலைக்கற்றையை அங்குள்ள அனைவரும் பங்கிட்டே ஆகவேண்டும். தில்லி போன்ற நெரிசல் நகரில் அந்தப் பங்கு மிகச் சிறியது. கண்ணாடி இழை ஒன்று போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்றைப் பதிக்கலாம், அலைக்கற்றையைப் புதிதாக உண்டாக்க முடியாது.

ஆகவேதான் நிறுவனங்கள் வரம்பு வைக்கின்றன. அமெரிக்காவில் ஹியூஸ்நெட் 2017இல் தொடங்கிய திட்டங்களில் மிகப் பெரியதே மாதம் 50 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் 1 முதல் 3 எம்பிபிஎஸ் வரை இறங்கியது, இலவசமாகக் கூடுதல் டேட்டா வேண்டியவர்கள் அதை அதிகாலை 2 மணி முதல் 8 மணிக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுப்பதால், அந்த 50 ஜிபி பதினேழு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. இந்தியாவின் வீட்டு ஃபைபர் திட்டங்களிலும் ‘அன்லிமிடெட்’ என்பதற்கு மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு பரவலாக உண்டு; ஆனால் மாதத்தின் 720 மணி நேரமும் ஒரு டிவி எச்டியில் ஓடினாலும் 2,160 ஜிபிதான் ஆகும்.

செயற்கைக்கோளை மட்டுமே நம்பி வாழ்ந்த தீவுகள் இதை அனுபவத்தில் அறிந்தவை. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கான கேபிள் 2024 ஜனவரியில் தொடங்கியபோது, அத்தீவுகளின் இணையத் திறன் 1.7 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 200 ஜிபிபிஎஸ்ஸாக உயரும் என்று அரசு அறிவித்தது. வானம் போதுமென்றால் கடலடியில் இவ்வளவு நீளத்துக்குக் கேபிள் இறக்க வேண்டியிருந்திராது.

சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில், ஃபைபர் சுவர்வரை எட்டும் இடத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே திறந்த வானமும் சரியாகக் கிடைக்காத பால்கனியில், படம் பார்ப்பதற்காகச் செயற்கைக்கோள் இணையம் வாங்குவது வீண் செலவு. அது மலைக் கிராமத்துக்கும், புயலில் கோபுரம் சாய்ந்த கடலோரத்துக்கும், நடுக்கடலில் இருக்கும் படகுக்கும் உரியது. நகர்ப்புற இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக வசூலிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்ததும் இந்தத் திசையில்தான். மாத வரம்பு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் என்ன, காணொளியின் தரம் எந்த அளவில் நிறுத்தப்படும் என்ற மூன்றையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடுமாறு டிராய் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை வாசகர்கள் இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்துமூலம் பதில் பெறாமல் பணம் கட்ட வேண்டாம்.