வேடிக்கை பார்த்தவர்களின் தைப்பூசம்

வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்ற நம் மாணவர்கள் அங்கு நடக்கும் இந்துத் திருவிழாக்களைப் பற்றி எழுதும் கட்டுரைகளுக்கென்று ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. கல்லூரி ஆண்டு மலர்களிலும் வார இதழ்களின் இளைஞர் பக்கங்களிலும் இதைத் தொடர்ந்து காணலாம். முதல் பத்தியில் ஊர் ஏக்கமும் விடுதிச் சாப்பாடும். இரண்டாம் பத்தியில் நண்பர் ஒருவர் கோயிலுக்கு அழைக்கிறார். மூன்றாம் பத்தியில் நாதசுர ஒலி காதில் விழுகிறது, கண்கள் நனைகின்றன. நான்காம் பத்தியில் அந்தக் கண்டுபிடிப்பு வந்துவிடும்: தமிழ்ப் பண்பாடு உண்மையில் வாழ்வது இங்கேதான், தாய்நாட்டில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம்.

மூன்றாம் பத்தியின் கண்ணீரை நாம் சந்தேகிக்கவில்லை. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு முதன்முறையாக வெளியேறிய ஒரு பிள்ளைக்குச் சாம்பிராணி வாசனை போதும், அழுவதற்கு. நான்காம் பத்தியோ முழுப் பொய். அதைப் பொய் என்று எடுத்துச் சொல்ல வேண்டிய பேராசிரியர்களும் இதழாசிரியர்களும் இலக்கிய வட்டத்தாரும் அதற்கே மாலை போட்டுக் கொண்டாடுகிறார்கள். ஆகவே நம் வழக்கு மாணவரோடு இல்லை, இந்தப் பெரியவர்களோடுதான்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நம் பார்வைக்கு வரும் இவ்வகைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே வருகின்றன. 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, அங்கே தைப்பூசம். பொறியியல் படிக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி முன்னிரவே சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய், பால்குடம் எடுத்து, டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரை நடந்திருக்கிறாள். மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத நடை. அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தான் படித்த கல்லூரியின் ஆண்டு மலருக்கு அனுப்பியிருந்தாள். 'கடல் கடந்தும் காக்கப்படும் நம் மரபு' என்று மலர்க்குழு தலைப்புச் சூட்டி வெளியிட்டது.

இந்தக் 'காக்கப்படும்' என்ற சொல்லை முதலில் கவனிக்க வேண்டும். நாம் பூட்டி வைத்த நகையை அவர்கள் பெட்டகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. நகை நமது; காவல் அவர்களுடையது. வெளித்தோற்றத்தில் இது பாராட்டு. உள்ளே இருப்பது, மூலம் நம்மிடமே என்னும் ஊர்ப்பெருமை.

எந்த மூலம்? ஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். பூம்பாவையை நோக்கிப் பாடும் அப்பதிகத்தில் ஆண்டின் விழாக்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, தைப்பூசமும் வருகிறது. அது கபாலீச்சரத்துச் சிவனுக்குரிய விழா. அங்கே காவடி இல்லை, அலகு இல்லை, முருகனே இல்லை. இருப்பது நெய் கலந்த சோறு. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மயிலையில் ஒரு தைப்பூசம், பழனியில் வேறொரு தைப்பூசம், டேங்க் சாலையில் இன்னொன்று. இவற்றில் எதை யார் யாருக்காகக் காப்பது? தமிழிலக்கியம் கற்பிக்கும் நாமே இதை மறந்துவிட்டுப் 'பழைய மரபு மாறாமல்' என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் இட்டால், பதிகத்தை நாம் மனப்பாடம் மட்டுமே செய்தோம் என்று பொருள்.

டேங்க் சாலைக் கோயில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859-இல் கட்டியது. பூசத்துக்கு முந்தைய நாள் அங்கிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டு, கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று திரும்புகிறது. அந்த நாளை 'செட்டிப்பூசம்' என்றே அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். நம் ஊர் நாட்காட்டியில் அப்படி ஒரு விழா கிடையாது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் 'சிங்கை நகரந்தாதி' என்றொரு நூலை 1887-இல் வெளியிட்டார். சிங்கப்பூரில் அச்சான தமிழ் இலக்கிய நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. பாடியது அந்த முருகனைத்தான். செட்டிநாட்டார் எழுப்பிய கோயிலை யாழ்ப்பாணத்தார் பாடினார். இன்று சீனர்களும் அங்கே காவடி எடுக்கிறார்கள். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் மண்ணில் தானே வளர்ந்த ஒரு விழாவை 'நம்முடைய கிளை' என்று பட்டா போட்டுக்கொள்வது எந்த உரிமையில்? (அயலகத் தமிழ் இலக்கியம் என்ற தாளில் அந்தாதியின் பெயரை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்பதோடு நம் துறைகள் கடமையை முடித்துக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். பாடப்பட்ட முருகன் எந்தச் சாலையில் இருக்கிறான் என்று கேட்டால் வினாத்தாள் அமைத்தவரே விழிப்பார்.)

இனி அந்த விழா எந்தக் கட்டுக்குள் நடக்கிறது என்று பார்ப்போம். இது ஒரு மாணவக் கட்டுரையிலும் இடம்பெறுவதில்லை. சிங்கப்பூரில் தைப்பூசம் ஒரு காலத்தில் பொது விடுமுறையாக இருந்தது. 1968-இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசமும் பட்டியலிலிருந்து போயிற்று. இந்துக்களுக்குத் தீபாவளி மிஞ்சியது. அண்டை நாடான மலேசியாவில் பல மாநிலங்களில் அன்று விடுமுறை. கோலாலம்பூரிலும் 2008 முதல் விடுமுறை. பாலத்துக்கு இந்தப் பக்கம் அது வேலைநாள். 1973-இல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. மேளக் குழுக்களுக்கிடையே சண்டை நேர்ந்து ஊர்வலம் தடைப்பட்டது என்பது அரசு சொன்ன காரணம். அலகு குத்தி நடப்பவருக்கு மேளம் அலங்காரப் பொருளன்று. அடுத்த அடியை எடுத்து வைக்கும் வலு அவருக்கு அந்தத் தாளத்திலிருந்தே வருகிறது. உறுமி கேட்டு நடந்தவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அங்கே அந்தத் துணையின்றித்தான் நடந்தார்கள், அல்லது ஒளித்து மறைத்து அடித்தார்கள். 2015 தைப்பூசத்தன்று மேளம் அடித்ததையொட்டி எழுந்த தகராறில் மூவர் கைதாயினர். அதன்பின் விவாதம் எழுந்து, 2016-இல் பாதையின் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது.

நம் மாணவி நடந்தது அந்தப் பாதையில்தான். 'மேளதாளம் முழங்க' என்று ஒரு தேய்ந்த தொடர் அவள் கட்டுரையில் இருக்கிறது. அந்த மேளம் எந்தத் திருப்பத்தில் தொடங்கி எந்தத் திருப்பத்தில் நின்றது, ஏன் நின்றது என்று ஒரு வரி கேட்டிருந்தால் அந்தத் தேய்ந்த தொடருக்கே உயிர் வந்திருக்கும். கேட்டிருக்க வேண்டியது மலர்க்குழு.

கொண்டாட்டக்காரர்களுக்கு எதிர்ப்புறத்தில் ஏளனக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களையும் விட முடியாது. மலர் வெளிவந்தபின் ஓர் இலக்கியக் கூட்டத்தில் இக்கட்டுரையைக் குறிப்பிட்ட நண்பர் ஒருவர், 'உலகத்தரப் பல்கலைக்கழகத்தில் படித்தும் பால்குடமா?' என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். தாம் புதிதாக ஏதோ சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் தொடங்கியது. தமிழ் முரசு 1935-இல் பிறந்தது. அதை நடத்திய கோ. சாரங்கபாணி சுயமரியாதை இயக்கத்தவர். சமய வேறுபாடின்றித் தமிழரெல்லாம் கூடட்டும் என்று 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவர். பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்குச் சென்றார். அலகும் தீமிதியும் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை அந்த மண்ணின் தமிழர்கள் தமக்குள் நடத்தி முடித்து, முடியாமல் விட்டு, மீண்டும் நடத்தி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. நண்பரின் கேள்வி அங்கே பேரப்பிள்ளைகளுக்கும் பழையது. கொண்டாடுகிறவர், ஏளனம் செய்கிறவர் இருவருக்குமே அங்குள்ள தமிழர் ஒரு படம். ஒருவர் அதற்குச் சட்டம் போடுகிறார், மற்றவர் மீசை வரைகிறார்.

இவர்கள் இருவர் கண்ணிலும் படாத ஒரு கூட்டம் இருக்கிறது. சிங்கப்பூரின் கட்டடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் நகரத்து ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். பலரை வேலையிடத்துக்கு ஏற்றிச் செல்வது லாரியின் திறந்த பின்புறம். அவர்களுக்கு வழக்கமான ஓய்வு ஞாயிறு. சிராங்கூன் சாலைப் பக்கம் அன்று கூடுவது அவர்கள்தாம். 2020 பெருந்தொற்றில் சிங்கப்பூரில் பதிவான 58,000-க்கும் மேற்பட்ட தொற்றுகளில் மிகப் பெரும்பான்மை இவ்விடுதிகளில்தான். 1968-இல் நாட்காட்டியிலிருந்து நீங்கிய அந்த விடுமுறை இன்று யார் தலையில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகக்காரர் ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுப்பார். மாணவி ஒரு விரிவுரையைத் தவறவிட்டுத் தோழியிடம் குறிப்பு வாங்கிக்கொள்வாள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு அந்த வசதி முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. பூசம் ஞாயிறன்று வந்தால் பிழைத்தார். பெருந்தொற்றால் இரண்டாண்டுகள் நின்றுபோன நடை ஊர்வலம் 2023-இல் மீண்டபோது அது பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. 2026-இல் பிப்ரவரி 1, அதுவும் ஞாயிறு. மாணவி நடந்த 2025-இல் செவ்வாய்.

இப்போது நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். அந்த மாணவியின் கையெழுத்துப் பிரதியைப் பின்னர் பார்க்க நேர்ந்தது. அதில் அச்சில் இல்லாத ஒரு பகுதி இருந்தது, நான்கே வாக்கியம். கோயில் வாசலில் அவளுக்குக் குடத்தின் வாயைத் துணியால் கட்டத் தெரியவில்லை. வரிசையில் நின்றிருந்த புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் வாங்கிக் கட்டிக்கொடுத்தார். அவர் காவடி எடுக்க வரவில்லை. ஊரில் தம் அம்மா வேண்டிக்கொண்டதற்காகக் கொஞ்ச தூரம் வெறுங்கையோடு நடந்துவிட்டுப் போக வந்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும் என்று சொல்லிப் பாதிவழியில் பிரிந்துவிட்டார்.

அப்பகுதியின் மீது சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் 'தலைப்புக்குத் தொடர்பில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

தலைப்பு மலர்க்குழு கொடுத்தது என்பதை நினைவூட்டுகிறோம். மாணவி தான் கண்டதை எழுதினாள். அதற்குத் தொடர்பில்லாத ஒரு தலைப்பைச் சூட்டிவிட்டு, தலைப்புக்குத் தொடர்பில்லை என்று அவள் கண்டதை வெட்டினார்கள். வார்ப்பு மாணவரிடம் பிறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவள் கண் சரியாகத்தான் பார்த்தது. பாதிவழி நடந்தவரின் தைப்பூசம் முழுவழி நடந்தவளின் தைப்பூசத்தைவிடக் கனமானது என்று அவளுக்கு எங்கோ தோன்றியிருக்கிறது. தோன்றாமல் அந்த நான்கு வாக்கியம் வராது. அவளே கூட ஓர் ஒப்பந்தத்தில்தான் அங்கே இருக்கிறாள்: கல்விக் கட்டண மானியம் பெற்ற அயல்நாட்டு மாணவர் பட்டம் பெற்றபின் மூன்றாண்டு அங்குள்ள நிறுவனங்களில் வேலை செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வந்த இருவர் ஓர் இரவில் ஒரு குடத்தின் மீது கைவைத்தார்கள். ஒருவருக்கு அங்கே எதிர்காலம் எழுதப்பட்டிருக்கிறது, மற்றவருக்குத் திரும்பும் நாள். தமிழ்ச் சிறுகதைக்காரர் எவரிடமாவது இதைக் கொடுத்திருந்தால் தூக்கம் கெட்டிருக்கும். நம் மலர்க்குழுவோ அதே இடத்தில் கோயில் கோபுரப் படம் ஒன்றை அரைப்பக்கத்துக்குப் போட்டது.

'மலர் என்பது மங்கலமாக இருக்க வேண்டாமா, படிக்கிற பிள்ளையின் கட்டுரையில் லாரியும் விடுதியும் எதற்கு' என்று குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் நம்மிடம் நேரிலேயே கேட்டார். தேர்த் திருவிழாவை எழுதும்போது வடம் பிடிப்பவரை எழுதக்கூடாது என்கிறாரா? தேருக்கடியில் கட்டையிடுகிறவர் கை நழுவினால் என்ன ஆகும் என்பது தஞ்சைப் பக்கத்துக்காரரான அவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் பிறந்த ஊர்த் தேரைப் பற்றி எழுதச் சொன்னால் வடக்கயிற்றின் தடிமனைக்கூட எழுதுவார். கடலுக்கு அப்பால் நடக்கும் விழா என்றதும் கயிறு மறைந்துவிடுகிறது, தேர் மட்டும் தானாக நகர்கிறது.

அந்த மாணவிக்கு நாம் எழுதியிருக்கிறோம். நான்கு வாக்கியத்தை நாற்பதாக்கி அனுப்பச் சொன்னோம். அந்த அண்ணனின் ஊர் எது, எந்த விடுதி, அம்மாவின் வேண்டுதல் என்ன என்பதையெல்லாம் அவர் சம்மதித்தால் மட்டும் கேட்டு எழுதச் சொன்னோம். தேர்வு முடிந்ததும் ஒரு ஞாயிறு சிராங்கூன் சாலைப் பக்கம் போய்ப் பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அவர் பெயரை அன்று கேட்காமல் விட்டதுதான் தனக்கு உறுத்துகிறதாம்.