டி.டி.சி.பி அப்ரூவ்டு, ரெரா நம்பர்... இது மட்டும் போதுமா? மனைக்கு டோக்கன் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை!

ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கம்பெனி வேன் நிற்கும். குடும்பத்தோடு ஏறினால் டிபன், மதியம் பிரியாணி, எல்லாம் இலவசம். இறங்கும் இடத்தில் வண்ணக் கொடிகள், அலங்கார வளைவு, பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள். “சார், டி.டி.சி.பி அப்ரூவ்டு. ரெரா நம்பர் இருக்கு. இன்னும் நாலே பிளாட்தான் பாக்கி. இன்னைக்கே டோக்கன் போட்டா சதுர அடிக்கு 50 ரூபா குறைச்சுத் தர்றோம்” என்பார் மார்க்கெட்டிங் தம்பி. திரும்பும்போது கையில் ஒரு ரசீது இருக்கும். எந்த நகையை விற்பது, பி.எஃப்-பில் எவ்வளவு எடுப்பது என்ற பேச்சு வேனிலேயே தொடங்கிவிடும்.

தனியார் மனைப்பிரிவில் இடம் வாங்கி, நிம்மதியாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஏராளம். சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் போலிப் பத்திரத்தால் ஏமாந்தவர்கள் அல்லர். காட்டப்பட்ட காகிதம் அசலாகவே இருந்திருக்கும். ஆனால், அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

அனுமதி வேறு, உரிமை வேறு!

சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ, மற்ற ஊர்களில் டி.டி.சி.பி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவுக்கு அனுமதி தருகின்றன. சாலை அகலம், மனை அளவு, பூங்காவுக்கான இடம் ஆகியவை விதிப்படி இருக்கின்றன என்பதற்கே அந்த அனுமதி. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்று சொன்னால் இன்னும் உஷாராக வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு, 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

ரெரா எண்ணும் அப்படித்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது. நோட்டீஸில் அச்சிட்ட எண்ணை தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, சர்வே எண்ணும் வரைபடமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உரிமையில் குறைபாடு இருந்து நஷ்டம் ஏற்பட்டால், புரொமோட்டரிடம் இழப்பீடு கேட்க ரெரா சட்டத்தில் வழி உண்டு. அதற்குக் காலவரம்பும் கிடையாது. ஆனால், வழக்கு முடியும்போது அந்தக் கம்பெனியும் அதன் பணமும் இருக்க வேண்டுமே!

யார் கையெழுத்து விடுபட்டது?

தாத்தா பெயரில் 3 ஏக்கர். அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் மட்டும் சேர்ந்து, கம்பெனிக்கு பவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சமபங்கு உண்டு. அவர்கள் ஒருநாள் வழக்குப் போட்டால், அங்கே மனை வாங்கிய அத்தனை பேரும் கோர்ட் படியேற வேண்டியதுதான்.

வில்லங்கச் சான்று இதைக் காட்டிக்கொடுக்காது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவாகாத உயிலோ, நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் இல்லாமல் போகலாம். எனவே, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கத்தோடு மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விற்பவர் பவர் ஏஜென்ட் என்றால், அந்த பவர் ரத்தாகவில்லையா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது.

கம்பெனியே ‘லீகல் ஒப்பீனியன்’ கொடுத்தாலும், உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்ப்பதே நல்லது. அவருக்குப் பத்திர நகல்களைத் தர விற்பவர் தயங்கினால், அங்கேயே நின்றுவிடலாம்.

தரையில் என்ன இருக்கிறது?

வண்ண நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தோடு இடத்துக்குப் போங்கள். நோட்டீஸில் இருக்கும் பூங்கா, வரைபடத்திலும் இருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதமுள்ள நிலத்தில் 10 சதவிகிதத்தைப் பொது இடமாக விட வேண்டும். அந்த இடமும் சாலைகளும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா என்று கேளுங்கள்.

மெயின் ரோட்டிலிருந்து மனைப்பிரிவுக்குள் நுழையும் பாதை யாருடையது என்பதும் முக்கியம். அது பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலமாக இருந்தால், அவர் வேலி போடும் நாளில் மனைக்கு வழியே இருக்காது. முடிந்தால், மழை பெய்த மறுநாள் கம்பெனி வேன் இல்லாமல் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கும், முன்பு அங்கே ஓடை இருந்ததா என்பதையெல்லாம் பக்கத்து டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

பணம் கைமாறும் முன்...

* பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை.

* ஆவணம் சரியில்லை என்றால் டோக்கன் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

* மனைக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்தால் அதுவே சாட்சி.

* முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவிகிதம் தனிச் செலவு. அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

* காலி மனையிலிருந்து வாடகை வராது. அவசரத்துக்கு விற்க நினைத்தால் உடனே ஆள் கிடைப்பதும் கஷ்டம். மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் வைத்திருக்கும் பணத்தை இதில் போட வேண்டாம்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் அந்த ‘நாலு பிளாட்’ விற்றுப்போனால் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் வரும்!