பறக்கவிடும் முன்னே...

பறவையைக் கண்டு மனிதன் ஏங்கிய நாளிலேயே விமானக் கனவு பிறந்துவிட்டது. அக்கனவின் சிறிய வடிவம் ஒன்று இன்று மாணவியராகிய நம் கைக்கும் எட்டியிருக்கிறது. தரையில் நின்றபடியே வானொலி அலைகளால் இயக்கும் மாதிரி விமானத்தைத்தான் சொல்கிறோம். "கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிறதே! கத்தியும் பசையுமாகப் பெண் பிள்ளைகள் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நாமே செய்து, நாமே சோதித்து, நாமே பறக்கவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

1878-ஆம் ஆண்டில் ஒரு தந்தை தம் மைந்தர் இருவருக்கு ரப்பர் பட்டையால் சுழன்று எழும்பும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். பொம்மை உடைந்தது. சிறுவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை, அதைப் போலவே தாங்களே செய்யத் தொடங்கினர். அவர்கள்தாம் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள்! பின்னாளில் அவர்கள் பட்டம் விட்டுப் பார்த்தனர். என்ஜின் இல்லாத மிதவை விமானங்களில் பழகினர். 1901-இல் காற்றுச் சுரங்கம் அமைத்து ஏறக்குறைய இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது விமானம் முதலில் பறந்தது வெறும் 12 விநாடி, 120 அடி தூரம். அந்தப் பன்னிரண்டு விநாடிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு!

மாதிரி விமானத்துக்கும் இதே நீதிதான். பால்சா என்னும் மிக இலேசான மரமோ, தெர்மோகோல் அட்டையோ, எதில் செய்தாலும் இரண்டு இறக்கைகளும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பசை மிகுந்தாலும் விமானம் அப்பக்கம் சாயும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரு விரல்களால் தாங்கினால், விமானம் கிடையாக நிற்க வேண்டும். மூக்கு கனத்தால் ஏறத் தயங்கும். வால் கனத்தாலோ கட்டுக்கு அடங்காது. பேட்டரியைச் சற்று முன்னே பின்னே நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, விசைகள். வலப்புறம் திரும்பச் சொன்னால் வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். இணைப்பு மாறியிருந்தால், வேடிக்கை பார்ப்போர் கைதட்டி முடிக்குமுன் விமானம் மண்ணைக் கவ்வும். கைக்கருவியின் வீச்சைக் குறைத்து வைத்து முப்பது அடி எடுத்து நடந்து, விசைகள் சொன்னபடி கேட்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முதலில் கைக்கருவியை இயக்கி, பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது இந்த வரிசை தலைகீழ். சுழலியின் அருகே விரலோ, பின்னலோ, தாவணி நுனியோ போகவே கூடாது.

காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார் அன்றோ! பழநி மலையடிவாரத்தில், மருதாநதிப் பக்கம் உள்ள நம் அய்யம்பாளையத்துக்கு அவை இரண்டும் பொருந்தும். அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக்காற்றில் இலேசான தெர்மோகோல் என்னாகும்? சுற்றிலும் தென்னந்தோப்பு, மட்டையில் சிக்கிய விமானத்தை இறக்க மரமேறுபவரைத்தான் தேட வேண்டும்! ஆகவே காற்று அடங்கிய காலை வேளையும், ஆள் நடமாட்டமற்ற திறந்த வெளியும் வேண்டும். காற்றை எதிர்த்தே விமானத்தை ஏவ வேண்டும். அரசின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களுக்கும் உண்டு. கண்ணுக்கு எட்டிய தொலைவுக்குள்ளேயே பறக்கவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆண்டு விழா நாள், சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார், தோழியர் ஆரவாரிக்கின்றனர், திடீரென்று காற்று வலுக்கிறது. "இன்று வேண்டாம்" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஒவ்வொரு குச்சியையும் தன் கையால் ஒட்டியவளுக்கே வரும். எது தாங்கும், எது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். சபைக்கு அஞ்சாமல் "பொறுங்கள்" என்று சொல்லக் கற்ற பெண், நாளை மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் குடும்பத்திலும் அதையே சொல்வாள். இதைவிட வேறென்ன கல்வி வேண்டும்?

இது ஆண்பிள்ளை விளையாட்டு என்பதும் பொருந்தாது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாணவியரும் இதில் போட்டியிடுகின்றனர். அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அக்கல்லூரியின் வாயில் நமக்கும் திறந்தே இருக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, அருட்சகோதரியரே! பள்ளியில் ஒரு மேசையும், சிறிது பால்சாவும், அவசரப்படுத்தாத சில மாதங்களும் தாருங்கள். விமானம் முதல் நாளே வானளாவப் பறக்காமல் போகலாம். பன்னிரண்டு விநாடி பறந்தாலும் போதும். அடுத்த நாள் அதைச் செப்பனிட நாங்கள் இருக்கிறோம்.