தாத்தா துப்பாக்கியைப் பளபளக்க வைக்காதீங்க

துருப்பிடிச்ச பழைய சாமானைப் புதுசாக்கிக் காட்டுற வீடியோக்கள் இப்ப ரொம்பப் பிரபலம். கத்தி, அரிவாமணைன்னு ஆரம்பிச்சு, மருந்து இடிச்சுச் சுடுற பழைய துப்பாக்கி வரைக்கும் வந்தாச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிடுறாங்க. அதைப் பாத்துட்டு, ஊர்ல பரண்மேல கிடக்கிற தாத்தா துப்பாக்கியையும் அப்படிப் பண்ணி ஹால்ல மாட்டலாமான்னு டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க கேக்குறாங்க. கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

மொதல்ல உசுரு. கரிமருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியாப் போட்டு இடிச்சு, பின்னால கேப்பு வெச்சுச் சுடுற துப்பாக்கி அது. நெறச்சதைக் காலி பண்ணச் சுலபமான வழி சுடுறதுதான். அதனால பன்னி வராத ராத்திரியில நெறச்சபடியே மூலையில சாத்தினது, அம்பது வருஷம் அப்படியே நின்னிருக்கலாம். ஈரம் படாத கரிமருந்து நூறு வருஷம் கழிச்சும் வெடிக்கும். குழலுக்கு நேரா முகத்தையோ கையையோ கொண்டு போகாம, இடிக்கிற கம்பியை அடிவரை மெதுவா விட்டு, வாய் விளிம்புல அடையாளம் வைங்க. அதே கம்பியைக் குழலுக்கு வெளியில வெச்சுப் பாத்தா, கேப்பு வைக்கிற இடம் வரைக்கும் எட்டணும். நாலு விரக்கடை குறைஞ்சா உள்ள ஏதோ இருக்கு. ஆணி போட்டு நோண்டாதீங்க, சூடு காட்டாதீங்க. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் பாக்க வேண்டிய வேலை அது.

அடுத்தது, உப்புத்தாள் எடுத்துட்டுப் போறது துருவை மட்டும் இல்லை. எங்க பக்கத்து நாட்டுத் துப்பாக்கி பலதும் உள்ளூர் ஆசாரி கைவேலை. கொல்லன் தட்டின தடம் குழல்ல தெரியும். சிலது பட்டாளத்துல இருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி துப்பாக்கின்னா மொதல்ல இதய வடிவ முத்திரை, பின்னாடி நின்ன சிங்கம். 1857க்கு அப்புறம் இந்தியச் சிப்பாய்களுக்கு, குழலுக்குள்ள திருகுவரி இல்லாத துப்பாக்கியாப் பாத்துக் குடுத்தான் வெள்ளைக்காரன். நம்மாளு குறி தப்பாமச் சுட்டுடக் கூடாதுல்ல! இதெல்லாம் அந்தக் கருத்துப்போன இரும்புலதான் எழுதியிருக்கு. தேய்ச்சா மிஞ்சுறது ஒரு இரும்புக் குழாய். தளர்ந்த துருவை எண்ணெய்த் துணியால துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் லேசாப் பூசி, சுவத்து ஈரம் படாம வெச்சா போதும்.

சட்டம் இன்னொரு கூத்து. 1959 ஆயுதச் சட்டத்தோட 5ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமத் துப்பாக்கி செய்யிறதையும் ரிப்பேர் பண்றதையும் ஒண்ணாத்தான் வெச்சிருக்கு. 45ஆம் பிரிவுல பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாததா இருக்கணும். அப்ப, "சரி பண்ணிட்டேன்"னு நீங்க போடுற போட்டோவே உங்களுக்கு எதிரான சாட்சி. தாத்தா காலமாகி லைசென்ஸ் பேர் மாறாம இருந்தா, மொத வேலை பாலிஷ் இல்லை. ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள கடையிலயோ ஒப்படைச்சுட்டு, வாரிசு பேருக்கு மனுப் போடுறதுதான்.

அந்தத் துப்பாக்கி ஹால்ல மாட்டப் பிறந்ததும் இல்லை. 13ஆம் பிரிவு இன்னைக்கும் பயிர்க் காவலுக்குன்னு பேர் சொல்லியே இந்த ரகத்துக்கு லைசென்ஸ் தரச் சொல்லுது. ஆனா 1972 வனவிலங்குச் சட்டப்படி பன்னியை நாமளாச் சுட முடியாது. கேரளாவுல 2022ல, லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்களை வெச்சுப் பன்னி சுட உத்தரவு போடுற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயே குடுத்துட்டாங்க. நம்ம அரசு 2025ல போட்ட உத்தரவுல சுடுற வேலை வனத்துறைக்குத்தான், அதுவும் காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி. அதனால நாங்க வீட்டுப் பழைய சீலைகளை வரப்பு சுத்திக் கட்டி வெச்சிருக்கோம். பன்னி ரெண்டு வாரம் பயப்படும். அப்புறம் சீலைக்கு அடியில பூந்து கடலைக்காட்டுக்குள்ள வந்துரும்.