துரோகியின் மாளிகையும் தியாகியின் கோட்டையும்

ஆண்டுதோறும் தமிழ்த்துறை மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், பிறகு மதிய உணவு. அதே எட்டயபுரத்தில் அரண்மனை ஒன்று சிதைந்து நிற்பதை எந்தப் பயணத் திட்டத்திலும் நாம் எழுதியதில்லை. சென்ற முறை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அது என்ன கட்டடம், சார்?" உடன் வந்த நண்பர் முந்திக்கொண்டார்: "காட்டிக் கொடுத்தவன் வீடும்மா." பேருந்து நகர்ந்துவிட்டது. நண்பர் மன்னிக்க வேண்டும். இக்கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது.

வரலாறு அவர் பக்கம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. 1799இல் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். வீழ்ந்த பாளையத்தின் நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் பரிசாகவும் போயிற்று. இவற்றை மறைத்து அரண்மனைப் பெருமை பாடும் ஜமீன் புராணக்காரர்களோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆனால் பாஞ்சாலங்குறிச்சியில் நாம் மாணவர்களுக்குக் காட்டுவது எது? ஊமைத்துரை மீட்டெழுப்பிய கோட்டை 1801இல் தரைமட்டமாயிற்று. அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். இன்று நாம் படம் பிடித்துக்கொள்வது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. நினைவுச் சின்னம் என்ற அளவில் அதை மதிக்கலாம். கட்டடக் கலை வரலாறு என்று எண்ணினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். பழைய அரண்மனையின் உண்மையான மிச்சம், அருகே அகழ்ந்து காட்டப்பட்டிருக்கும் செங்கல் அடித்தளங்கள்தாம். அவற்றின் முன் ஐந்து நிமிடம் நிற்பவர் அரிது. பழைய நெல்லைச் சீமையில் இப்படிப் போலிக்கு மாலை சூட்டுகிறோம். மெய்யை மழைக்கு விட்டுவிடுகிறோம்.

"அந்த ஜமீன் மாளிகைகளில் கலை என்ன இருக்கிறது? வெள்ளைக்காரனைப் பார்த்துக் கட்டியவைதானே?" என்பது இன்னொரு வாதம். அப்படியானால் திருமலை நாயக்கர் மகாலை என்ன செய்வது? ஐரோப்பா பரோக் என்னும் பாணியில் சுதையையும் வளைவையும் அள்ளிக் கொட்டிய அதே பதினேழாம் நூற்றாண்டில், 1636 வாக்கில், மதுரையில் எழுந்தது அது. பருத்த தூண்கள், இலைமடல் வளைவுகள், குவிமாடம், யாளி என்று எல்லாம் கலந்த கட்டடம். இத்தாலியச் சிற்பி ஒருவர் வகுத்தது என்று வழிகாட்டிகள் சொல்வதை நாம் அப்படியே ஏற்கவில்லை. என்றாலும் கலப்பு என்பதற்காக யாரும் அதை இடிக்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு காலத்தில் பாழாகத்தான் கிடந்தது. சொக்கநாத நாயக்கர் அதிலிருந்து பெயர்த்துக்கொண்டு திருச்சிக்குப் போனது போக எஞ்சியதை, ஆளுநர் நேப்பியர் 1866க்குப் பின் பழுதுபார்த்தார். இன்று நிற்பது நான்கில் ஒரு பங்கு என்பார்கள். அந்தப் பங்கும் பராமரிப்பால் நிற்பதே.

மாளிகைகள் ஏன் விழுகின்றன என்பதற்குத் துரோகம் விடையாகாது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது. நியாயமான சட்டம், உழுதவனுக்கு வந்த நியாயம். கட்டடம் மட்டும் வருமானமின்றிக் குடும்பத்தின் தலையில் நின்றது. இவ்வகைக் கட்டடங்களில் பரவலாகக் காணும் மெட்ராஸ் டெரஸ் தளத்தை எண்ணிப் பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள்; மேலே செங்கல் ஜல்லி கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். நூறாண்டு தாங்கும். ஆனால் ஓரிடத்தில் நீர் இறங்கினால் கட்டை உளுக்கும், விரிசலில் அரசங்கன்று முளைக்கும். சிமெண்டு பூசி அடைத்தாலோ ஈரம் உள்ளேயே தங்கிக் கேடு விரையும். தாமிரபரணிக் கரையில் சிங்கம்பட்டி அரண்மனைக்கு இந்தக் கதி நேராததன் காரணம் எளியது: முடிசூடிய கடைசி ஜமீன்தார் 2020இல் மறையும்வரை அங்கே குடியிருந்தார். ஆள் புழங்கும் வீட்டில் ஒழுக்கு கண்ணில் படும்.

இலக்கிய வாசகர்களிடம் நமக்கு இன்னும் கடுமையான கேள்வி உண்டு. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் எட்டயபுரத்து அவைப் புலவர். முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசி நாள்களைக் கழித்து, 1835 தீபாவளியன்று மறைந்தது இந்த ஊரில். அவர் தம்பி பாலுசுவாமி, வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர், இந்தச் சமஸ்தானத்து வித்வான். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது சமஸ்தானத்தின் அச்சகத்தில். பதினொரு வயதுச் சுப்பிரமணியன் 1893இல் 'பாரதி' ஆனதும் எட்டயபுரத்து அவையில்தான். அப்படியிருக்க, கவிஞனுக்கு மண்டபம், புலவருக்கு மண்டபம், அவர்களை வைத்திருந்த அரண்மனைக்கு முள்வேலியும் இல்லை என்பது என்ன ரசனை?

பாரதிக்கே அந்த ஜமீன் வாழ்வு கசந்ததே என்பீர்கள். கசந்ததுதான். 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன்தாரின் சோம்பலையும், துதிபாடும் புலவர் கூட்டத்தையும் அவர் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கதையைப் பாடம் நடத்தும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறோம்: அந்தக் கூடங்களைக் கண்ட மாணவனுக்கே அந்த நையாண்டியின் காரம் முழுதாக உறைக்கும். கிண்டலுக்காகவாவது கட்டடம் வேண்டாமா?

இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது, சுவரோவியங்கள் பிழைத்தன. தொன்மைச் சின்னங்களுக்கு 1966இல் ஒரு சட்டம், மரபுக் கட்டடங்களுக்கு ஆணையம் காண 2012இல் இன்னொரு சட்டம் என்று ஏட்டில் வழி இருக்கிறது. குடும்பத்தாரின் இசைவும் அரசின் பணமும் சேர வேண்டும், எளிதல்ல. ஆனால் கேட்பதற்கு முதலில் ஆள் வேண்டும். 1986இல் மாவட்டம் பிரிந்தபின் எட்டயபுரம் தூத்துக்குடிக்காரர் கவலை என்று நெல்லையில் சொல்லித் தப்பிக்கிறோம். பாரதி விழாவுக்கு மட்டும் அந்த எல்லை அழிந்துவிடுகிறது.

வரும் டிசம்பரில் மறுபடி போகிறோம். பயணத் திட்டத்தில் பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை 'அரண்மனை' என்று எழுதியாயிற்று. உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று பாடம் நடத்துவோம். நண்பரையும் அழைத்திருக்கிறோம்.