கைவிட்டது விவசாயி அல்ல

திருந்திய நெல் சாகுபடி தோற்றுப்போன முறை என்று மூத்த வேளாண் ஆய்வாளர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஊரில் ஒற்றை நாற்று நடவு என்று சொல்வார்களே, அதைத்தான் சொல்கிறார். அதன் விளைச்சல் கணக்கு பொய் என்கிறார். மடகாஸ்கரில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கிளப்பிவிட்ட மோகம் என்கிறார். விவசாயிகளே இரண்டொரு பருவம் செய்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்கிறார். ஆகவே, இரண்டு ஏக்கர்க்காரர்களுக்குச் சாகுபடி முறை சொல்லிக்கொடுக்க அரசு இனி ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது, நிலத்தை ஒன்றுதிரட்டிப் பெரிய பண்ணைகளிடம் ஒப்படைப்பதே வழி என்று முடிக்கிறார். முன்னால் சொன்னதெல்லாம் அரைகுறை. அந்த முடிவு அநியாயம். அரைகுறையை அடுக்கி அநியாயத்துக்குப் படிக்கட்டு கட்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விளைச்சலில் தொடங்குகிறேன். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் தர்வேஷ்புரா என்ற ஊரில் 2011இல் எக்டருக்கு 22 டன் விளைந்ததாகச் செய்தி வந்தது. சீனத்துக் கலப்பின நெல்லின் தந்தை யுவான் லாங்பிங் அதை நம்பவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த சில எண்களையும் 2004 வாக்கில் பயிரியல் அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். அந்த எண்களை வைத்து நான் வாதாடப் போவதில்லை. சாதனை விளைச்சலை மேடைதோறும் முழங்கியவர்கள் இந்த முறைக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் கட்டுரையாளர் நம்ப முடியாத எண்களை மட்டும் பொறுக்கியெடுத்து உடைத்துக் காட்டுகிறார். நம்பத்தக்கவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் தாண்டிப்போன கணக்கைச் சொல்கிறேன். 2003-04இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரிப் படுகையில் நூறு, தாமிரபரணிப் படுகையில் நூறு என விவசாயிகளின் வயல்களிலேயே சோதனை வைத்தது. ஆராய்ச்சிப் பண்ணையில் அல்ல. அவரவர் நிலத்தில், பழைய முறையும் புதிய முறையும் பக்கம் பக்கமாக. தாமிரபரணியில் வழக்கமான நடவு எக்டருக்குச் சராசரியாக 5.7 டன் கொடுத்தது, புதிய முறை 7.2 டன் கொடுத்தது. ஒன்றரை டன் கூடுதல். ஏக்கருக்கு 600 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் பத்து மூட்டை. மத்திய அரசு 2024-25க்குச் சாதா ரகத்துக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அந்த விலையில் பத்து மூட்டைக்கு 13,800 ரூபாய். விதையும் ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விட்ட இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும். உலகச் சாதனைப் பட்டியலில் ஏறாத தொகைதான். நகையை அடகு வைத்து நடவுக் கூலி கொடுத்த வீட்டில் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு என்று ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் விட்டுவிட்டார்.

2006இல் மெக்டொனால்ட், ஹாப்ஸ், ரீஹா மூவரும் வெளியிட்ட ஆய்வை அவர் பெரிதாக நம்பியிருக்கிறார். மடகாஸ்கரை விட்டு வெளியே வந்தால் இந்த முறை சிறந்த மேலாண்மை முறைகளை விஞ்சவில்லை என்பது அந்த ஆய்வின் முடிவு. சிறந்த மேலாண்மை என்றால் எது? உரம் உரிய நாளில், களை உரிய நாளில், தண்ணீர் வேண்டிய அளவில், எல்லாம் பரிந்துரைத்தபடி நடக்கும் சாகுபடி. நம் கடைமடை விவசாயிக்கு எந்தக் காலத்தில் அப்படிச் செய்ய வாய்த்தது? அவர் நடுவது முப்பத்தைந்து நாள் தாண்டிய நாற்று. குத்துக்கு ஐந்தாறு வைக்கிறார்கள். களையெடுக்க ஆள் கிடைப்பதற்குள் களை பயிரைத் தாண்டிவிடுகிறது. அவருக்கு ஒப்பீடு அவருடைய போன வருஷத்து வெள்ளாமைதான். அதைவிடப் பத்து மூட்டை கூடுதலாகக் கிடைக்குமா என்பதுதான் அவர் கேள்வி. ஆய்வாளர் வேறொரு கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்துவந்து இந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறார். ஆய்வுத் தாள்களிலேயே காலம் கழித்தவர் இதை அறியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. நான்காவது இலை விடும் முன் நாற்றை எடுத்து நட்டால் தூர் கட்டும் சக்தி குறையாமல் நிற்கிறது. வயதான நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடிச்சுக் கட்டி, வரப்பில் போட்டுவைத்து மறுநாள் நட்டால் பச்சை பிடிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றை நாற்றாக வைத்தால் வேர் பரவவும் வெயில் அடிவரை இறங்கவும் இடம் கிடைக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் வேருக்குக் காற்றுப் போகிறது. கோனோ வீடரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் களை சேற்றில் மடங்கி மட்குகிறது, மண்ணும் கிளறப்படுகிறது. இதில் எதை அவர் மறுக்கிறார்? கட்டுரையில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. பாதிரியார் வெள்ளைக்காரர் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்கிறார்.

அந்தப் பாதிரியார் ஆன்ரி டி லொலானியே 1961இல் மடகாஸ்கர் போனவர். அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து வேலைசெய்து, 1983இல் இளநாற்றை நட நேர்ந்தபோது அதன் பலனைக் கண்டவர். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண வேளாண் துறை தஞ்சைப் பக்கம் ஒற்றை நாற்று நடவைப் பரப்பியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதை வைத்துச் சாகுபடி முறையை எடைபோடுவது ஆய்வாளருக்கு அழகல்ல. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

விவசாயிகளே கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான் அவருடைய முக்கிய வாதம். நல்லதாக இருந்தால் ஏன் விட்டார்கள் என்று கேட்கிறார். கேட்கட்டும். மடகாஸ்கரில் ஏன் விட்டார்கள் என்று மோசர், பாரெட் இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். கட்டுரையாளரும் அதை மேற்கோள் காட்டுகிறார். விளைச்சலைக் கூட்டும் முறை என்பதை அந்த ஆய்வு மறுக்கவில்லை; தலைப்பிலேயே அப்படித்தான் குறிப்பிடுகிறது. ஏழை விவசாயி அதை ஏன் தொடர முடியவில்லை என்பதற்கு அது சொல்லும் காரணம் நெஞ்சைச் சுடுகிறது. நடவுக்கும் களைக்கும் அதிக வேலை தேவைப்படும் அதே வாரங்களில்தான் அந்த வீடுகளில் நெல் தீர்ந்துபோயிருக்கிறது. அன்றன்று சாப்பிட அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும். தன் வயலில் இறங்கினால் அன்றைய சோறு இல்லை. நாலு மாதம் கழித்து விளையப்போகும் கூடுதல் நெல்லுக்காக இன்று பிள்ளைகளைப் பட்டினி போட முடியாமல் விட்டார்கள். இதைப் படித்துவிட்டு, முறை தோற்றது என்று எழுதுகிற மனம் எப்படிப்பட்டது?

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. புதிய முறை கேட்கும் பதினான்கு நாள் நாற்றை முடிச்சாகப் பறிக்க முடியாது. விரல் நீளம்தான் இருக்கும், அடியில் உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணோடு பெயர்த்துத் தட்டில் எடுத்துவந்து அரைமணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும். அழுத்தி ஊன்றினால் வேர் மேல்நோக்கி மடங்கிவிடும். இரண்டு விரலில் பிடித்து மேலாக வைக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடும் பெண்களுக்கு இது கை பழகாத வேலை. வேகம் குறைந்தால் கூலி குறையும். பழகும்வரை அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று எந்தத் திட்டமும் யோசிக்கவில்லை. நட்ட பிறகு முதல் இருபது நாள் வயல் மொட்டையாகத்தான் தெரியும். வரப்பில் போகிறவர்கள், “என்ன மாமா, நாத்து பத்தலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முதன்முறை செய்பவர் ராத்திரி தூங்க மாட்டார். அந்த இருபது நாளில் ஒருவர் கூட வந்து நின்றால் போதும், தூர் வெடிக்கத் தொடங்கியதும் கவலை தீர்ந்துவிடும். கூட வந்து நிற்க ஆள் இல்லாத ஊர்களில்தான் அடுத்த வருஷம் பழைய நடவுக்குத் திரும்பினார்கள்.

களைக்கருவி வந்ததில் இன்னொன்றும் நடந்தது. குனிந்து கையால் களையெடுத்தது பெண்களின் வேலை, அவர்கள் கூலி. கருவியைத் தள்ளுவது ஆண்களின் வேலையாகிவிட்டது. காவிரி டெல்டாவின் களிமண்ணில் அதைத் தள்ள ஆண்களுக்கே மூச்சு வாங்கும். பெண்கள் கூலியை இழந்தார்கள், கருவி தள்ள ஆண்களோ கிடைக்கவில்லை. எடை குறைந்த, அந்தந்த மண்ணுக்கு ஏற்ற கருவி வேண்டும் என்ற கோரிக்கை அன்று முதல் இருக்கிறது. இந்த முறையை ஆதரிப்பவர்களும் இதைப் போதுமான அளவு பேசவில்லை. அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கருவி கனமாக இருந்ததற்கு நாற்றைக் குற்றம் சொல்லலாமா?

தண்ணீருக்கு வருவோம். காயவிட்டுப் பாய்ச்சு என்று சொல்வது எளிது. போர் வைத்திருப்பவர் செய்யலாம். வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீரை நம்பியிருப்பவர், இன்று வடியவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாமல் எப்படிக் காயவிடுவார்? வந்தபோது தேக்கிவைக்கிறார். அது அறியாமை இல்லை, அனுபவம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. டெல்டா விவசாயிகள் புதிய முறையை விட்டுவிட்டதாக அவர் சுட்டுகிற காலமும் ஏறத்தாழ அதுதான். தண்ணீர் வரும் நாளே தெரியாதபோது பதினான்காம் நாள் நாற்றை எப்படி நடுவது? சம்பாவில் நட்டால் ஐப்பசி மழை. வடிகால் அடைத்துக்கொண்ட கடைமடையில் விரல் நீள நாற்று மூன்றே நாளில் அழுகிப்போகும். எந்தப் பருவத்துக்கு, எந்த வயலுக்கு என்று பிரித்துச் சொல்லாமல், ஏக்கர் இலக்கு வைத்து எல்லா இடத்திலும் ஒரேபோல் திணித்தது தவறுதான். அந்தத் தவறைச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டவர் மீது மட்டும் குற்றப்பத்திரிகை.

முறை செத்துவிட்டது என்பதும் உண்மை இல்லை. பழனிசாமியும் உடன் ஆய்ந்தவர்களும் 13 மாநிலங்களில் விவசாயிகளை ஆய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். புதிய முறைக்கு வந்தவர்களில் எல்லாக் கூறுகளையும் கடைப்பிடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் தமக்கு முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர்களுக்கும் விளைச்சல் வழக்கமான நடவைவிடக் கூடுதலாகவே இருந்தது. இன்று குறுவையில் டெல்டா பக்கம் போனால் பாய் நாற்றங்காலில் பதினைந்து பதினெட்டு நாள் நாற்றை இயந்திரத்தில் வைத்து நடுகிறார்கள். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, வரிசைக்கு வரிசை நல்ல இடைவெளி. அவர்களுடைய அப்பாக்கள் முப்பது நாளுக்குக் குறைந்த நாற்றைத் தொட மாட்டார்கள். இளநாற்றையும் இடைவெளியையும் தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டவர்களைப் பார்த்துக் கைவிட்டவர்கள் என்று எழுத, வயலில் கால் வைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

இனி நிலத்தை ஒன்றுதிரட்டும் யோசனை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 0.75 எக்டர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். இவர்களை அப்புறப்படுத்தித்தான் விளைச்சலைக் கூட்ட முடியும் என்றால் அவர்கள் எங்கே போவார்கள், என்ன வேலை செய்வார்கள் என்று அவரே சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நாற்று எத்தனை நாளில் நடலாம் என்று சொல்லிக்கொடுக்கும் செலவு வீண் என்று எழுதியவர், இத்தனை லட்சம் குடும்பங்களை மண்ணிலிருந்து பெயர்க்கும் செலவைக் கணக்கிடவே இல்லை. பெரிய பண்ணைக்கும் நடவு ஆட்களும் வாய்க்கால் தண்ணீரும் இதே ஊர்களிலிருந்துதான் வர வேண்டும். அப்போது மேட்டூர் நாள் தவறாமல் திறக்குமா? வடிகால் தானாகத் தூர்ந்துபோகாமல் இருக்குமா?

அரசுச் செலவை நிறுத்தச் சொல்லும் அவருக்கு ஒரு செய்தி. டெல்டாவில் கோயில் நிலத்திலும் அடுத்தவர் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். சிட்டாவும் அடங்கலும் அவர்கள் பெயரில் இல்லை. விதை மானியமோ கருவி மானியமோ பயிர்க் காப்பீடோ அவர்கள் கைக்கு வருவது அரிது. நிறுத்துவதற்கு முன்னால் அது அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். பழகும் பருவத்தில் நடவுக் கூலியின் கூடுதல் சுமையை அரசு ஏற்கட்டும். ஊருக்கு ஒரு நடவுக் குழுவுக்கு முழுப் பருவமும் பயிற்சி கொடுக்கட்டும். வாய்க்கால் முறையை நாள் குறித்து அறிவித்து அந்த நாளில் தண்ணீர் விடட்டும். இவற்றை மூன்று குறுவை செய்து பார்த்த பிறகும் அந்தப் பத்து மூட்டை வரவில்லை என்றால், தோற்றுப்போன முறை என்று அவர் மறுபடி எழுதட்டும், நான் மறுக்க மாட்டேன். அதுவரை இந்த விவசாயிகளின் நிலத்துக்கு வேறு ஆள் தேடும் வேலையை அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.