இரண்டுங்கெட்டான் சங்கீதம்

"ஜாஸும் இல்லை, ராக்கும் இல்லை, இரண்டுங்கெட்டான்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் சில ரசிக சிகாமணிகள். இவர்களில் பாதிப் பேர் கேட்காமலே சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். கேட்டுவிட்டுச் சொல்லும் மீதிப் பேரோடுதான் எனக்குச் சண்டை.

ஃபிராங்க் ஸாப்பாவின் 'இமாஜினரி டிஸீஸஸ்' என்ற இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பரில் லண்டன் மேடையொன்றிலிருந்து ஒருவன் அவரைக் கீழே தள்ளிவிட்டான். பல மாதங்கள் சக்கர நாற்காலியில் கழிந்தன. எழுந்து நடக்கத் தொடங்கியதும் 1972 செப்டம்பரில் இருபது பேர் கொண்ட கோஷ்டியோடு சில கச்சேரிகள் செய்தார். இருபது பேரை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவது யாருக்கும் கட்டுப்படியாகிற காரியமல்ல. அக்டோபரிலிருந்து வருஷக் கடைசி வரை பத்துப் பேரோடு சுற்றினார். அந்தச் சுற்றில் மேடையில் பதிவானதுதான் இந்தத் தட்டு.

பத்துப் பேர் என்றதும், வெட்டிக் குறைத்த மிச்சம்தானே என்கிறார்கள். பழைய பெரிய ஜாஸ் கோஷ்டியில் டிரம்பெட்டுக்கு நாலு பேர், சாக்ஸஃபோனுக்கு ஐந்து பேர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மூடி மறைத்துவிடலாம். இங்கே ஊதுகிறவர்கள் ஆறே பேர். டாம் மலோன் என்பவர் ட்யூபாவையும் ஊதுகிறார், சாக்ஸஃபோனையும் ஊதுகிறார். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. 'ஃபார்தர் ஓப்ளிவியன்' 16 நிமிஷம் ஓடுகிறது. பின்னால் 'பீ-பாப் டாங்கோ'விலும் 'கிரெகரி பெக்கரி'யிலும் வரப்போகிற பகுதிகள் இதில் ஒன்றையொன்று துரத்துகின்றன. டிராம்போன் தனியே கிளம்பும்போது அது எந்த ஜாதி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ராக் தாளம் கூத்தாடுகிறவர்களின் தாளமாம். பேஸியின் கோஷ்டி யாருக்காக வாசித்தது? நடனக் கூடங்களில் ஆட வந்தவர்களுக்காகத்தானே? 1930-களில் காலை ஆடவைத்தது இன்று சாஸ்திரமாகிவிட்டது. 1972-ல் ஆடவைத்தது மட்டும் தீட்டு! ராணுவ அணிவகுப்பு, மாதா கோயில் பாட்டு, ப்ளூஸ், நடனம் எல்லாம் கலந்து பிறந்த சங்கீதத்துக்கு இவர்கள் கோத்திரம் விசாரிக்கிறார்கள்.

குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரே ஸ்தாயியை ஆதாரமாக வைத்துக்கொண்டு கிதார் போய்க்கொண்டே இருக்கும் இடங்கள் உண்டு. 'டி.சி. பூகி'யில் எனக்குக் கொட்டாவிகூட வந்தது. கச்சேரி மேடையில் அது சரி. வீட்டு நாற்காலியில் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றுக்காக. ஸாப்பாவே தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்தி வைத்த பதிவு இது. 1993-ல் அவர் இறந்தார். தட்டு வெளிவந்தது 2006-ல். முப்பத்து மூன்று வருஷம் நாடா நிலவறையில் கிடந்தது. இதை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். அது அவன் பிழைப்பு. ரசிகனும் அதே அலமாரிக் கவலையோடு அலைவானேன்? அந்த டிரம்பெட்காரர் மூச்சு வாங்கும் சத்தம் எந்த அலமாரியைச் சேர்ந்தது?